சிரட்டைக் கரியில் மீத்தேன்: ராமநாதபுரம் கடற்கரையில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை சாலையின் இரு பக்கமும் தென்னந்தோப்பு. கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் போனால் சீமைக்கருவேலக் கரிமூட்டம். வழுதூரில் இந்த மாவட்டத்து மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுவில் ஓடுகிற மின்நிலையம். சாணமும் மீன் கழிவும் எங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கரியும் இருக்கிறது, வாயுவும் இருக்கிறது என்பதால், "கரிக்குள்ளே மீத்தேனை அடைச்சு வைக்கலாமாமே?" என்று பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் வீட்டில் சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். இயற்கை எரிவாயுவிலும் சாண எரிவாயுவிலும் எரிகிற முக்கிய வாயுதான் மீத்தேன். வைக்கலாம். எந்தக் கரி, எவ்வளவு வாயு, எதை வீட்டில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கார்பன், அதாவது நுண்துளைகள் திறக்கும்படி பதப்படுத்திய கரி, விற்பவர்கள் "ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு" என்று துளைச் சுவர்களின் பரப்பைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த எண் பொய்யில்லை, ஆனால் நம் வேலைக்கு அது பாதிக் கதைதான். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு லிட்டர் உருளையிலிருந்து எத்தனை லிட்டர் மீத்தேன் திரும்பி வெளியே வரும்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்குத்தான்.

எதற்காக இந்தப் பாடு?

சமையல் சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி சாதாரண வெப்பத்தில் கொஞ்சம் அமுக்கினாலே திரவமாகிவிடும். மீத்தேன் மசியாது. மைனஸ் 82.6 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை அதை எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. சாதாரண அழுத்தத்திலேயே திரவமாக வைக்க வேண்டுமானால் மைனஸ் 161.5 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அதனால்தான் சிஎன்ஜி (அமுக்கிய இயற்கை எரிவாயு) வண்டிகளில் 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். பைக் டயரில் இருப்பது சுமார் 2 பார்; அதிலிருந்தே 200 பார் என்றால் என்ன என்று புரியும். கனமான உருளை, பல கட்ட கம்ப்ரசர், மின்சாரச் செலவு, எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்து வருகின்றன.

நுண்துளைக் கார்பன் இருந்தால் 35 பாரிலேயே வேலை நடக்கும். மீத்தேன் மூலக்கூறு சுமார் 0.38 நானோமீட்டர் அகலம். கார்பனுக்குள் இருக்கும் இடுக்கு ஒரு நானோமீட்டரை ஒட்டி இருந்தால், இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து மூலக்கூறை இழுத்துப் பிடிக்கும். இதைத்தான் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். ரசாயன மாற்றம் எதுவும் இல்லை. அழுத்தத்தைக் குறைத்தால் பிடி தளர்ந்து வாயு வெளியே வந்துவிடும். மழை பிடித்தால் குறுகிய சந்தில் நடப்பவருக்கு இரண்டு பக்கத் தாழ்வாரமும் குடை பிடிக்கும், அகலச் சாலையின் நடுவில் நிற்பவர் நனைவார் அல்லவா, அதே கணக்குதான். அகலமான துளையின் நடுவில் இருக்கும் மூலக்கூறைச் சுவர் பிடிப்பதில்லை. அது வெறும் உருளையில் இருப்பதுபோலத்தான் திரியும்.

கணக்கைப் பார்ப்போம். சுமார் 25 டிகிரியில், 35 பார் அழுத்தத்தில், ஒரு லிட்டர் வெறும் உருளையில் ஏறக்குறைய 37 லிட்டர் மீத்தேன் இருக்கும். லிட்டர் என்று நான் சொல்வதெல்லாம் சாதாரணக் காற்றழுத்தத்தில் அளந்த லிட்டர். அதே உருளையில் கடையில் கிடைக்கும் தேங்காய்ச் சிரட்டைக் கார்பனை நிரப்பினால் 80 முதல் 100 லிட்டர் வரை எதிர்பார்க்கலாம். இதற்கென்றே செய்த, நெருக்கமாக அழுத்திய கார்பன் என்றால் 150-ஐ ஒட்டி வரும். 200 பார் சிஎன்ஜி உருளையில் சுமார் 235. ஆகவே கார்பன் சிஎன்ஜியைத் தோற்கடிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறில் ஒரு பங்கு அழுத்தத்தில் அதன் பாதியைத் தொடுகிறது, அதற்குத்தான் மதிப்பு.

அமெரிக்க எரிசக்தித் துறை ரொம்ப நாள் 35 பாரில் 180 என்பதை இலக்காக வைத்திருந்தது. 2007-இல் மிசௌரி பல்கலைக்கழகக் குழு ஒன்று மக்காச்சோளத் தக்கையிலிருந்து செய்த கார்பன் கட்டிகளில் அந்த 180-ஐத் தொட்டதாக அறிவித்து, ஒரு பிக்கப் வண்டியில் பொருத்தியும் பார்த்தது. தக்கையில் முடிந்தது சிரட்டையில் முடியாதா என்ற ஆசை இங்கே பலருக்கும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2012-இல் அந்தத் துறை இலக்கையே 263-க்கு உயர்த்திவிட்டது. அதை எட்டுவது கார்பனுக்கு இன்னும் கடினம். உலோகமும் கரிமமும் கோத்த சட்டகப் பொருள்கள் என்று ஒரு புது வகை உண்டு, 2025-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவற்றை உருவாக்கியவர்களுக்குத்தான் போனது. அவற்றில் சில கார்பனைவிட அதிகம் பிடிக்கும். ஆனால் விலை அதிகம், சில வகைகள் ஈரம் பட்டாலே கெட்டுப்போகும். தொடங்குபவர்கள் சிரட்டையோடு நிற்பது நல்லது.

படி 1: கரியும் கார்பனும் வேறு

கரிக்கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "எல்லாக் கரியும் ஒண்ணுதான் தம்பி, எத்தனை மூட்டை வேணும்?" என்பார். அடுப்புக்கு அது சரி. நமக்குச் சரிவராது. மூட்டத்தில் வெந்த கரியில் துளைகள் பெரும்பாலும் அடைபட்டே இருக்கும். தார் படிந்து கிடக்கும். அதை 800 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் நீராவி விட்டுச் சுட்டால்தான் நுண்துளைகள் திறக்கும். நீராவி கரியையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வழி உண்டாக்குகிறது. அதனால்தான் மூன்று டன் சிரட்டைக் கரி போட்டால் ஏறக்குறைய ஒரு டன் கார்பன்தான் தேறும். விலை ஏறுவதும் இங்கேதான்.

இந்த வேலையை நீங்களே செய்ய வேண்டாம். நீராவியும் சுட்ட கரியும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். ஒன்று ஆளைக் கொல்லும், மற்றது வெடிக்கும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு ஒரு கிராமின் பரப்பை 3000 சதுர மீட்டர் வரை கொண்டுபோனதாகப் படித்துவிட்டு அதையும் முயலாதீர்கள். 700 டிகிரிக்கு மேலே அதில் பொட்டாசியம் உலோக ஆவியே வரும், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். நல்ல உலையும் மந்த வாயு ஓட்டமும் உள்ள ஆய்வகத்துக்கு ஆன வேலை அது. காங்கேயம் பக்கம் சிரட்டைக் கரியும் கார்பனும் தொழிலாகவே நடக்கிறது, அங்கிருந்து தயார் சரக்கு வாங்குங்கள்.

நம்ம ஊர்ச் சீமைக்கருவேலக் கரி ஆகாதா என்பார்கள். மரம் கெட்டியானதுதான், அடுப்புக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் மரக்கரியில் மரத்தின் நீர்க்குழாய்கள் அப்படியே பெருந்துளைகளாக நிற்கும். அந்த இடத்தில் மீத்தேனுக்குப் பிடிப்பு இல்லை. இடம் மட்டும் வீணாகும். சிரட்டையில் பெருந்துளை குறைவு, நுண்துளை அதிகம், தேய்ந்து தூளாகாத கடினமும் உண்டு. கருவேலத்தை வைத்து ஆராய்ச்சி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். முதல் உருளைக்குச் சிரட்டைதான்.

படி 2: வாங்கும்போது என்ன கேட்பது

அயோடின் எண் 1000-க்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினை உறிஞ்சும் என்பதே அது. நுண்துளை எவ்வளவு என்பதற்கு நல்ல அடையாளம். அடுத்து சாம்பல் அளவு. நூற்றுக்கு 5-க்குள் இருக்கட்டும். அப்புறம் கன அடர்த்தி, அதாவது ஒரு லிட்டர் அளவையில் கொட்டினால் எத்தனை கிராம் நிற்கும் என்பது. சிரட்டைக் கார்பனில் 450 முதல் 550 கிராம் வரும். மற்ற இரண்டையும் விட்டுவிட்டாலும் இந்தக் கேள்வியை விடாதீர்கள். அயோடின் எண் 1300, அடர்த்தி 350 என்ற சரக்கைவிட, எண் 1050, அடர்த்தி 520 என்ற சரக்கு உருளைக்கு நல்லதாக அமையலாம். எடையில் ஜெயிப்பது இடத்தில் தோற்கும்.

தண்ணீர் சுத்திகரிக்கிற மரத்தூள் கார்பன் பொடி மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். நிறம் நீக்கத்தான் அது, துளைகள் பெரிசு.

படி 3: ஈரமும் உப்பும், நம் கடற்கரைக்கே உரிய தொல்லை

இந்தப் படிக்கு நேரம் செலவிடுங்கள். உள்நாட்டில் எழுதிய செய்முறைகளில் இது ஒரே வரியில் முடிந்துவிடும், இங்கே அப்படி முடியாது.

காற்றின் ஈரப்பதம் பாதிக்குக் கீழே இருக்கும்வரை கார்பன் தண்ணீரைப் பெரிதாகச் சட்டை செய்யாது. பாதியைத் தாண்டியதும் சட்டென்று குடிக்கத் தொடங்கும். பாக் நீரிணையானாலும் மன்னார் வளைகுடாவானாலும், கரையோரக் காற்று ஆண்டில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது; ஐப்பசி கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் போய் உட்கார்ந்த துளையில் மீத்தேனுக்கு இடமில்லை.

இதை நீங்களே பார்த்துவிடலாம். நகைக்கடைத் தராசு மாதிரி கிராமுக்குக் கீழும் காட்டும் தராசு ஒன்று போதும். 100 கிராம் கார்பனை அகலத் தட்டில் பரப்பி 120 முதல் 150 டிகிரி ஓவனில் நான்கு மணி நேரம் வையுங்கள். சூட்டோடு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஆறியதும் எடை பாருங்கள். பிறகு அதே தட்டில் பரப்பி இரவு முழுக்கத் திண்ணையில் விடுங்கள். காலையில் மறுபடி எடை. ஏறியிருப்பது முழுக்கத் தண்ணீர். பார்ப்பதற்குத் துளி ஈரம் தெரியாது. கையில் அள்ளினால் காய்ந்த கரியாகவே சலசலக்கும், விரலில் அதே கறுப்புத்தான் ஒட்டும். தராசு மட்டும் உண்மை சொல்லும். கரையோர ஈரத்தில் பல நாள் திறந்து கிடந்தால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தண்ணீர் பிடிக்கும்.

ஆகவே மூட்டையைப் பிரித்த அன்றே காற்றுப்புகாத டப்பாக்களுக்கு மாற்றிவிடுங்கள். உருளையில் போடும் நாளில் மறுபடி காய வையுங்கள். காய வைத்ததை ஆறவிட்டு, அதிக நேரம் கடத்தாமல் உருளைக்குள் போட்டு மூட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் போதாதா என்றால், போதாது. சித்திரை வெயிலும் கடற்காற்றும் சேர்ந்து மேலோட்ட ஈரத்தைத்தான் எடுக்கும். காய வைக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். 150-ஐத் தாண்டி ஏற்றாதீர்கள், பொடி அதிகமுள்ள சரக்கு காற்றுப்பட்டுக் கனன்றுவிடக்கூடும்.

உப்பு இன்னொரு பக்கம். சிரட்டையைக் கடற்கரை மணலில் காயப்போட்டுச் சுட்ட கரி என்றால் உப்பு கூடவே வந்திருக்கும். உப்பு வாயுவைப் பிடிக்காது, எடைக்குத்தான் ஆகும். போதாக்குறைக்கு ஈரத்தை இழுக்கும், உருளையின் உள்சுவரை அரிக்கும். 10 கிராம் கார்பனை 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் ஊறவைத்து, குடிநீர் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள். வேறு இரண்டு கடைச் சரக்கோடு ஒப்பிட்டால் எது உப்புச் சரக்கு என்று தெரிந்துவிடும். உப்பு இருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காய வையுங்கள். நம் ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பாக இருக்கும் இடம் பல. அதில் அலசினால் இருந்ததைவிட மோசமாகும்.

படி 4: மீத்தேன் இல்லாமல் ஒரு முன்னோட்டம்

கார்பன் வாயுவைப் பிடிக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் அழுத்த உருளைப் பக்கம் போக வேண்டாம். எரியாத வாயுவை வைத்தே பார்க்கலாம்.

காய்ந்த கார்பன் 100 கிராமை ஒரு கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். தனியாக ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றி வரும் கார்பன் டை ஆக்சைடை ஒரு பலூனில் பிடியுங்கள். இரண்டு லிட்டர் அளவுக்கு ஊதினால் போதும். பலூன் வாயைப் பாட்டில் வாயில் மாட்டிவிட்டுப் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் பலூன் சுருங்கத் தொடங்கும், பாட்டிலில் இளஞ்சூடு ஏறும். ஈரக் கார்பனில் இதையே செய்து பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அந்தச் சூட்டை நினைவில் வையுங்கள். வாயு சுவரில் ஒட்டும்போது வெப்பத்தை விடுகிறது. மீத்தேனும் விடும். பாட்டிலில் இளஞ்சூடு, 35 பார் உருளையில் அது பெரிய தலைவலி.

படி 5: வாயுவைச் சுத்தம் செய்வது

சாண எரிவாயுவில் நூற்றுக்கு 55 முதல் 65 வரைதான் மீத்தேன். மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கூடவே நீராவி, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இப்போதுதான் பலூனில் பார்த்தோமே, கார்பன் டை ஆக்சைடை இந்தக் கரி ஆசையாகப் பிடிக்கும். மீத்தேனைவிட இறுக்கமாகப் பிடிக்கும். சுத்தம் செய்யாமல் ஏற்றினால் எரியாத வாயுவைத்தான் பத்திரமாகச் சேமித்து வைத்திருப்பீர்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குத் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய குழாய். லேத் பட்டறையில் சீவல் கிடைக்கும், துரு பிடிக்க வைக்க நம் ஊரில் பாடுபட வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடுக்குச் சுண்ணாம்புத் தெளிவிலோ, மேலிருந்து தண்ணீர் கொட்டும் கோபுரத்திலோ வாயுவை விட வேண்டும். கடைசியில் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல்.

எவ்வளவு சுத்தமாகியிருக்கிறது என்று பார்க்க ஊசி போடும் பெரிய சிரிஞ்சே போதும். 50 மில்லி வாயுவை இழுத்து, அதிலேயே கொஞ்சம் காஸ்டிக் சோடாக் கரைசலையும் இழுத்து, வாயை அடைத்துக் குலுக்குங்கள். சுருங்கிய அளவுதான் கார்பன் டை ஆக்சைடு. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மீன் கழிவு போட்ட கலன் என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடுதலாக இருக்கும். நாற்றம் வரும்வரை பயமில்லை என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

குழாயில் வரும் இயற்கை எரிவாயுவிலும் ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், வாசனைக்குச் சேர்க்கும் கந்தகச் சேர்மம் எல்லாம் உண்டு. கனமானவை உள்ளே போனால் லேசில் வெளியே வராது. அதற்காக உருளைக்கு முன்னால் ஒரு சின்னக் காவல் குழாய் வைத்து, அதில் கொஞ்சம் கார்பனை நிரப்பி, அழுக்கை அது தாங்கிக்கொள்ளும்படி செய்வார்கள். அதிலுள்ள கார்பனை அவ்வப்போது மாற்றிவிட்டால் உள்ளே இருப்பது பிழைக்கும்.

படி 6: உருளை, சட்டம், உயிர்

இதுவரை சொன்னது வீட்டிலும் பள்ளி ஆய்வகத்திலும் செய்யக்கூடியது. இதற்கு மேல் அழுத்தம் வருகிறது. அழுத்தக் கலன், அழுத்தச் சோதனை, பாதுகாப்பு வால்வு எல்லாம் உள்ள கல்லூரி ஆய்வகத்திலோ உரிமம் பெற்ற கூடத்திலோ, தெரிந்தவர் கூட இருக்கும்போதுதான் தொடருங்கள். அமுக்கிய எரிவாயுவை உருளையில் நிரப்பவும் வைத்திருக்கவும் எரிவாயு உருளை விதிகள், 2016 இருக்கின்றன. அதற்கான உரிமத்தைத் தருவது பெசோ எனப்படும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு.

பழைய எல்பிஜி சிலிண்டரில் அடைத்துப் பார்ப்போமா என்று யாராவது கிளம்பாமல் இருக்கமாட்டார்கள். அந்தச் சிலிண்டரைச் சோதிப்பதே ஏறக்குறைய 25 பாரில்தான். நாம் பேசுவது 35 பார். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வைத்து மீத்தேனை அமுக்குவதும் அதே ரகம். கூடாது என்றால் கூடாது.

மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 வரை கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். காற்றைவிட லேசு, மேலே போகும். ஓலைக் கொட்டகையோ தகரக் கூரையோ மேலே திறப்பில்லாமல் இருந்தால் அங்கே போய்த் தேங்கும். கூரை உச்சியில் திறப்பு இருக்கும் இடமாகப் பாருங்கள். உருளையில் முதலில் இருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு வெளியேற்றிய பிறகே மீத்தேன். கசிவைச் சோப்புத் தண்ணீரில் பாருங்கள். தீக்குச்சியில் பார்க்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

உப்புக்காற்றில் சாதா இரும்பு வால்வு சீக்கிரம் போய்விடும். வண்ணம் பூசியிருந்தாலும் மரை இருக்கும் இடத்தை மாதம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிச்சமிருந்தால் பித்தளையும் கறுக்கும்.

படி 7: நிரப்புவது

ஒரே அளவுக் குருணைகளை மட்டும் கொட்டினால் குருணைக்கும் குருணைக்கும் நடுவே நூற்றுக்கு 40 பங்கு வெற்றிடம் நிற்கும். பெரிய குருணையோடு சிறு குருணையைக் கலந்து, தட்டித் தட்டி நிரப்பினால் அதே உருளையில் அதிகம் போகும். எடை பார்த்துக்கொண்டே நிரப்புங்கள். எந்தக் கலவையில் எடை உச்சத்துக்குப் போகிறதோ அதுவே உங்கள் கலவை. பசை சேர்த்துக் கட்டியாக அழுத்துவதும் உண்டு, ஆனால் பசையே துளையை அடைக்கும். தொடக்கத்தில் வேண்டாம். வால்வுக்கு முன்னால் நுண்வலை வைக்க மறந்தால் பொடி பறந்து வால்வில் உட்கார்ந்துவிடும்.

இப்போது அந்தச் சூட்டுக்கு வருவோம். வேகமாக வாயுவை ஏற்றினால் உருளையின் நடுவில் வெப்பம் சில பத்து டிகிரி ஏறிவிடும். கார்பன் வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் நடுச்சூடு வெளியே வரத் தாமதமாகும். சூடான கார்பன் குறைவாகப் பிடிக்கும். அழுத்தமானி 35 காட்டும், நீங்கள் நிரம்பிவிட்டது என்று மூடுவீர்கள், ஆறியதும் பார்த்தால் முள் இறங்கியிருக்கும். ஏற்றும் வாயு மெதுவாகப் போகட்டும். உருளையைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி வைத்து, வெயில் ஏறுவதற்கு முன் காலையில் நிரப்புங்கள். பெரிய உருளை என்றால் நடுவில் அலுமினியத் தகடுகள் வைத்துச் சூட்டை வெளியே இழுப்பார்கள்.

வாயுவை எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. உள்ளே குளிரும், குளிர்ந்த கார்பன் வாயுவை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போதும் அதே தண்ணீர்த் தொட்டி கைகொடுக்கும். நம் ஊர்த் தண்ணீர் எந்த மாதத்திலும் போதிய வெதுவெதுப்புதான்.

படி 8: திரும்பி வந்ததை அளப்பது

25 டிகிரியில் ஒரு லிட்டர் மீத்தேன் 0.66 கிராம். நிரப்பும் முன் உருளையின் எடை, நிரப்பி ஆறிய பின் எடை, காலியான பின் எடை, மூன்றையும் எழுதுங்கள். தொட்டியில் நின்ற உருளையை நன்றாகத் துடைத்துவிட்டுத் தராசில் வையுங்கள். 2 லிட்டர் உருளையில் ஒரு கிலோ கார்பன் போட்டு 35 பாருக்கு ஏற்றினால் 110 கிராம் சுற்றுவட்டத்தில் எடை ஏற வேண்டும். 110-ஐ 0.66-ஆல் வகுத்து, இரண்டு லிட்டருக்குப் பங்கிட்டால் 83. சாதாரணச் சரக்குக்கு இது சரியான எண்தான்.

காலியான பின் எடை முதல் எடைக்குத் திரும்பாது. பயப்படாதீர்கள், கசிவோ பிழையோ இல்லை. சாதாரணக் காற்றழுத்தத்திலேயே ஒரு லிட்டர் கார்பன் சுமார் பத்து லிட்டர் மீத்தேனைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஏற்றியதில் ஏழில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோ இப்படித் தங்கிவிடும். எடுக்க வேண்டுமானால் சூடாக்க வேண்டும், இல்லை வெற்றிட பம்பு போட வேண்டும். சாதாரணப் பயன்பாட்டில் அந்தப் பங்கை மறந்துவிடுங்கள். முதல் நிரப்பலில் மட்டும்தான் அது நட்டம். மறுமுறையிலிருந்து உள்ளேயே இருக்கிறது. கட்டுரைகளிலும் விற்பனைத் தாள்களிலும் சேமித்த அளவைப் போடுவார்கள், திரும்பித் தந்த அளவைப் போடமாட்டார்கள். நீங்கள் இரண்டையும் எழுதுங்கள்.

காலி என்று எழுதிய உருளைக்குள் எப்போதும் எரியும் வாயு இருக்கிறது என்பதும் இதன் பொருள். அதில் வெல்டிங் வைக்கக்கூடாது.

நிரப்புவதும் காலி செய்வதுமாகச் சுற்று ஓட, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வந்த அளவு குறைந்துகொண்டே போனால், ஈரமோ கனமான வாயுவோ துளைகளில் சேர்கிறது. உருளையைப் பாதுகாப்பாகக் காலி செய்து நைட்ரஜன் விட்டுக் கழுவி, கார்பனை வெளியே எடுத்து மறுபடி 150 டிகிரியில் காய வையுங்கள். ஈரம் என்றால் பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் சுத்தம் செய்யும் படியில்தான் ஓட்டை.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

நாளுக்கு இரண்டு கன மீட்டர் சாண எரிவாயு தரும் கலன் வைத்திருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1200 லிட்டர் மீத்தேன் கிடைக்கும் என்று வையுங்கள். ஒரு லிட்டர் உருளை 75 லிட்டரைத் திருப்பித் தந்தால், அந்த ஒரு நாள் வாயுவுக்கு 16 லிட்டர் உருளை வேண்டும். வீட்டு எல்பிஜி சிலிண்டரின் கொள்ளளவு 33 லிட்டர் சொச்சம், அதில் பாதி. அந்தச் சிலிண்டர் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் போகும், இது அதில் பாதி இடத்தை எடுத்துக்கொண்டு ஒரே நாள் போகிறது. ஆகவே எல்பிஜிக்கு மாற்றாக வீட்டுக்கு வீடு கார்பன் சிலிண்டர் என்ற கனவை நான் வளர்க்கமாட்டேன்.

தினமும் நிரம்பித் தினமும் தீரும் இடத்தில் கணக்கு மாறும். மாட்டுப் பண்ணையிலோ பெரிய உணவுவிடுதியிலோ நாள் முழுக்க ஊறும் வாயுவை மாலைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட ஒரே இடத்தில் சுற்றும் வண்டிக்கும் ஆகும். அங்கெல்லாம் 35 பாருக்குக்கூடப் போக வேண்டியதில்லை. 10 பாரில் வெறும் உருளை ஒரு லிட்டருக்கு 9 லிட்டர்தான் திருப்பித் தரும். கார்பன் போட்டால் 30-ஐத் தாண்டும். அழுத்தம் குறையக் குறைய வெறும் உருளையைவிடக் கார்பன் உருளை எத்தனை மடங்கு மேல் என்பது கூடிக்கொண்டே போகும். சின்ன கம்ப்ரசர், எளிய கலன், குறைந்த ஆபத்து. இந்தக் கடற்கரையில் யாராவது முதலில் ஓட்டிக் காட்டப் போகிறார்கள் என்றால் அது இந்தப் 10 பார் வழியாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

படகில் வைக்கலாமா என்றும் கேட்பார்கள். எடை, உப்பு, மூடிய அடித்தளம் மூன்றும் எதிராக நிற்கின்றன. அதோடு ஈரக் கார்பன் மூடிய இடத்தில் இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் குடித்துவிடும். அப்படிப்பட்ட தொட்டிக்குள்ளோ அறைக்குள்ளோ ஆள் இறங்கினால் மயங்கி விழுவார். இப்போதைக்குக் கரையிலேயே செய்து பாருங்கள்.